நான் போட்ட யூரியாவில் சித்தப்பா வயல் கறுத்தது எப்படி?

ஒன்பது மா

நீடாமங்கலத்துக்குக் கிழக்கே எங்களுக்கு ஒன்பது மா நிலம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். அப்பா தவறி மூன்று வருடமாகிறது, அதிலிருந்து சாகுபடி என் பொறுப்பு. காலையில் வயல், பத்து மணிக்கு மேல் மன்னார்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் கணக்கு வேலை. இரண்டிலும் அரைகுறை என்பாள் அம்மா.

இந்தக் குறுவைக்கு ஏடிடி 43 ரக நெல் நட்டிருக்கிறேன். பதினெட்டாம் நாள் முதல் மேலுரம், ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா. விசிறுகிற ஆள் வந்து சேரும்போதே மணி பதினொன்றரை. வயலில் கணுக்கால் அளவு தண்ணீர், ஆடிக் காற்று வேறு. வந்த ஆளைத் திருப்பி அனுப்பினால் மறுபடி எப்போது கிடைப்பார் என்று தெரியாது, விசிறச் சொல்லிவிட்டேன். அன்று ராத்திரி வாய்க்காலில் முறைத் தண்ணீர் வந்திருக்கிறது. மேல்வயல்காரர் திறந்துவிட, என் வயல் நிரம்பி, வரப்பில் தண்ணீர் விட வெட்டிய வாமடை வழியாகக் கீழே சித்தப்பா வயலுக்கு இறங்கிவிட்டது.

ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் சித்தப்பா வயலில் வாமடை வாயிலிருந்து விசிறி விரித்த மாதிரி பயிர் கரும்பச்சையாகக் கறுத்து நிற்கிறது. அங்கே நின்று பார்த்தால் கோடு போட்டது போல எல்லை தெரிகிறது. என் வயல் பத்து நாள் பச்சையாக இருந்துவிட்டு மறுபடி வெளுக்க ஆரம்பித்துவிட்டது. "இந்த வருஷம் மண்ணு நல்லா இருக்கும்மா, நான் இன்னும் உரமே போடலை" என்று சித்தப்பா சந்தோஷமாகச் சொல்கிறார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஏக்கருக்கு அடியுரம் டிஏபி ஒரு மூட்டை, மேலுரம் யூரியா மூன்று தவணை, தவணைக்கு ஒரு மூட்டை. இதுதான் அப்பா காலத்து அளவு. போன குறுவையிலும் இதே அளவு போட்டு ஏக்கருக்கு 30 மூட்டை கண்டது, அறுபது கிலோ மூட்டை. போடுகிற தழைச்சத்தில் பயிர் எடுப்பது மூன்றில் ஒரு பங்குதான் என்று எங்கோ படித்தேன். அப்படியானால் மீதி? எல்லாமே சித்தப்பா வயலுக்குப் போயிருக்க முடியாது. வரவு என்று ஒன்று இருந்தால் செலவு எங்காவது எழுதியிருக்க வேண்டுமே.

குசும்பன்

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், அம்மோனியா பறக்காதா அக்கா!

சித்தப்பாவிடம் பாதி மூட்டைக் காசைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மற்றதை நம்ம களிமண் ஐயா வந்து சொல்வார்.

களிமண்

குசும்பன் விளையாட்டாகச் சொன்னாலும் பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

அம்மா, நான் மண் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தெட்டு வருடம் குப்பி கழுவினவன். உங்கள் பாஷையிலேயே பேசுவோம். யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது நீங்கள் சொன்ன தழைச்சத்து. மூட்டைக்கு 20.7 கிலோ, மூன்று மூட்டைக்கு 62. டிஏபியில் 18 சதவீதம், 50 கிலோ மூட்டைக்கு 9. ஆக ஏக்கருக்கு வரவு 71 கிலோ. டெல்டா குறுவைக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது எக்டேருக்கு 150, அதாவது ஏக்கருக்கு 60. உங்கள் அப்பா கை கொஞ்சம் தாராளம்.

இப்போது செலவு. 30 மூட்டை என்றால் 1,800 கிலோ நெல். அதில் இருக்கும் நைட்ரஜன் சுமார் 20 கிலோ. வைக்கோலும் ஏறக்குறைய அதே எடை, அதில் 10, 11 கிலோ. பயிர் எடுத்தது மொத்தம் 31. இதிலும் பாதியாவது மண் தன் கையிலிருந்து கொடுத்தது, நீங்கள் போட்டதல்ல. நெல்லுக்குப் போடும் தழைச்சத்தில் 30, 40 சதவீதம்தான் சேரும் என்பது பொதுக் கணக்கு. உங்கள் வயல் அதற்கும் கீழே நிற்கிறது. சேராததில் ஒரு பகுதி மண்ணில் தங்கியிருக்கும், மற்றது ஊர் சுற்றப் போய்விட்டது.

சித்தப்பா விஷயத்தை முதலில் பார்ப்போம். யூரியா போட்டவுடன் அது சர்க்கரை மாதிரி தண்ணீரில் கரைந்து கிடக்கும். மண் அதைப் பிடித்து வைக்காது. மண்ணில் இருக்கும் யூரியேஸ் என்கிற நொதி இரண்டு மூன்று நாளில் அதை அமோனியமாக மாற்றும். அமோனியத்துக்கு நேர்மின்னேற்றம், களிமண் துகளுக்கு எதிர்மின்னேற்றம், இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உங்கள் வயலில் முதல் ராத்திரியே தண்ணீர் வழிந்துவிட்டது. போனது அமோனியம்கூட இல்லை, கரைந்த யூரியா. வாமடையை மண்ணும் வைக்கோலும் வைத்து மூன்று நாள் அடைத்திருந்தால் சித்தப்பா மண்ணைப் புகழ்ந்திருக்க மாட்டார். வரப்பில் நண்டு வளை இருக்கிறதா என்றும் பாருங்கள். வாமடையை அடைத்துவிட்டு நண்டு வளையில் கோட்டைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் பெரிய களவு அது இல்லை. பட்டப்பகலில் நடப்பது.

வயல் தண்ணீரில் பாசி இருக்கிறதல்லவா? வெயில் ஏற ஏற அது தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சும். அந்த வாயு குறையக் குறையத் தண்ணீர் காரமாகும். காரத்தைச் சொல்லும் பி.எச். அளவு விடியற்காலை 7 இருக்கும் தண்ணீர் மத்தியானம் இரண்டு மணிக்கு 9-ஐத் தொடும், சில நாள் தாண்டவும் செய்யும். ஏழில் இருக்கும்போது தண்ணீரில் உள்ள அமோனியத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூட அம்மோனியா வாயுவாக இராது. ஒன்பதில், நம்ம ஊர் வெயிலுக்கு, பாதிக்குக் கிட்ட வாயு. அப்புறம் காற்று அடித்தால் கேட்க வேண்டுமா? இளம்பயிர், இலை இன்னும் மூடவில்லை, கணுக்கால் தண்ணீர், வெயில், காற்று. இத்தனையும் ஒன்றுகூடினால் போட்டதில் பாதிவரைகூட அம்மோனியாவாகப் போகலாம். போட்ட முதல் வாரத்திலேயே பெரும்பகுதி போய்விடும். வேப்பெண்ணெய் தடவிய யூரியாதானே என்பீர்கள். 2015-லிருந்து உள்நாட்டில் தயாராவது ஏறக்குறைய எல்லாமே அதுதான். அந்த வேம்பு அமோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும், அம்மோனியா பறப்பதைப் பெரிதாகத் தடுக்காது. அது வேறு கதவு, வேறு பூட்டு.

பறந்தது வானத்தோடு போய்விடுவதும் இல்லை. கொஞ்ச தூரத்திலேயே பனியிலும் மழையிலும் இறங்கும், புகையோடு சேர்ந்து நுண்தூசியாகவும் ஆகும். யாரோ ஒருவருடைய தென்னந்தோப்புக்கு நீங்கள் உரம் போட்டிருக்கிறீர்கள்.

அடுத்த கதவு நம்ம முறைப்பாசனம். ஆறு நாள் தண்ணீர், ஆறு நாள் காய்ச்சல். வயல் காய்ந்து வெடிப்பு விட்டதும் காற்று உள்ளே போகும். நுண்ணுயிர்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டைக் களிமண் பிடிக்காது. மறுபடி தண்ணீர் கட்டியதும் கீழே மூச்சு முட்டும். அங்கே இருக்கும் வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிச் சுவாசித்துவிட்டு நைட்ரஜனை வாயுவாக வெளியே விடும். பெரும்பகுதி சாதாரண நைட்ரஜன், வந்த இடத்துக்கே போகிறது, கெடுதல் இல்லை, உங்கள் காசு மட்டும்தான் நட்டம். ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாக நழுவும். அதுதான் வில்லங்கம். எடைக்கு எடை பார்த்தால் நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைப் போலச் சுமார் 270 மடங்கு சூடேற்றும், ஓசோன் படலத்தையும் அரிக்கும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக வைத்தால் மீத்தேன் குறைகிறது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் யூரியாவைக் கொட்டிவிட்டுக் காய்ச்சலில் விட்டால் ஒன்றைக் குறைத்து மற்றதை ஏற்றியதாகிவிடும்.

இத்தனைக்கும் உங்கள் தலைக்கு மேல் நிற்கிற காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். இரண்டிரண்டு அணுவாக மூன்று கட்டுப் போட்டுப் பிணைந்திருப்பதால் பயிரால் தொட முடியாது. கைக்கெட்டியது வாய்க்கெட்டாத கதை. 1909-இல் ஃபிரிட்ஸ் ஹேபர் அந்தக் கட்டை ஆய்வுக்கூடத்தில் அவிழ்த்துக் காட்டினார், கார்ல் போஷ் 1913-இல் ஜெர்மனியில் ஒப்பாவ் ஊரில் தொழிற்சாலையாக்கினார். இரும்பு வினையூக்கி, 400 டிகிரிக்கு மேல் சூடு, 200 மடங்கு காற்றழுத்தம். இன்றைக்கு உலகத்தில் பாதிப் பேர் சாப்பாடு அந்த வழியாக வந்ததுதான். அதனால் யூரியாவை விஷம் விஷம் என்று திட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. 1960-இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண் திட்டம் வந்து, பின்னால் ஆடுதுறை 27 வந்தபோது எங்கள் அப்பா உர மூட்டைக்கு வரிசையில் நின்றவர். ரேஷன் அரிசிக்கும் வரிசையில் நின்றவர். எது கஷ்டம் என்று அவரைக் கேட்டால் தெரிந்திருக்கும்.

செய்ய வேண்டியது: சாயங்காலம் போடுங்கள். தண்ணீரை வடித்துச் சேறும் சகதியுமாக இருக்கும்போது போட்டு, மறுநாள் மெல்லத் தண்ணீர் கட்டுங்கள். யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு, வேப்பம்புண்ணாக்கு ஒன்று, கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போடுவது பழைய சிபாரிசு, இன்றும் நல்லது. அதைவிட முக்கியம், நாள் பார்த்துப் போடாதீர்கள், இலையைப் பார்த்துப் போடுங்கள். இலை வண்ண அட்டை வாங்குங்கள். காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், உங்கள் நிழலில் அட்டையைப் பிடித்து, மேலே முழுதாக விரிந்த இலையைப் பத்துக் குத்தில் ஒப்பிடுங்கள். ஆறு இலையாவது அட்டையின் நாலாம் நம்பர் பச்சைக்குக் கீழே வெளுத்திருந்தால் ஏக்கருக்கு 30 கிலோ யூரியா. இல்லையென்றால் அடுத்த வாரம் பாருங்கள். அதிகம் போட்டுக் கறுத்த பயிரைப் புகையான் பூச்சி தேடி வரும், அதையும் சித்தப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

தக்கைப்பூண்டு

ஐயா சொன்னதெல்லாம் சரி. வரவுப் பக்கத்தில் சும்மா வருவதை அவர் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குடவாசல் பக்கம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளிப்போம். தை கடைசியில் ஒரு செடியைப் பிடுங்கி வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள், கடுகு கடுகாக முடிச்சு. ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே ஈறு மாதிரி இளஞ்சிவப்பாக இருக்கும். அப்படி இருந்தால் உள்ளே பாக்டீரியா வேலை செய்கிறது. ஜெர்மனிக்காரர் 400 டிகிரியில் செய்ததை அது ஊர் வெயிலில் செய்கிறது. உள்ளே பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது. உளுந்துக்கும் யூரியா போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சும்மா கிடைத்தால் முடிச்சு ஏன் உழைக்கும்? நம்ம வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான்.

ஆனால் இப்போது பெல்ட் வைத்த அறுவடை மிஷின் ஏறி உளுந்துக் கன்றில் பாதியைச் சேற்றில் அமுக்கிவிடுகிறது. அறுத்த வைக்கோலை உருட்டிக் கட்டி லாரியில் கேரளாவுக்கு அனுப்புகிறோம். ஐயா கணக்குப்படி அதோடு ஏக்கருக்கு அரை மூட்டை யூரியா லாரி ஏறுகிறது. கொளுத்துகிறவனுக்கு அந்தக் காசும் இல்லை.

கோடையில் மழை கிடைத்தால் பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு இருபது கிலோ விதைத்து, பூக்கும் சமயம் மடக்கி உழுதால் ஒரு மூட்டை யூரியாவைக் கண்ணை மூடிக்கொண்டு குறைக்கலாம். நான் நாலு வருடமாகக் குறைத்திருக்கிறேன், விளைச்சல் குறையவில்லை. ஒரு வருடம் மழை ஏமாற்றி விதைக் காசு போனதும் உண்டு.

அப்புறம் ஆட்டுக் கிடை. ராமநாதபுரத்துக் கீதாரிகள் பங்குனி சித்திரையில் ஆடு ஓட்டி வருவார்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி வயலில் கட்டச் சொல்வோம். ஆட்டு எரு அவ்வருடம், மாட்டு எரு மறுவருடம் என்று பெரியவர்கள் சொன்னதில் விஞ்ஞானம் இருக்கிறது. ஆட்டு மூத்திரத்தில் இருப்பதும் யூரியாதானே, உடனே வேலை செய்யும். மாட்டுச் சாணம் மட்கிக் கொடுக்க நாளாகும். கிடை போட்ட மறுநாளே உழுதுவிட வேண்டும். இரண்டு நாள் வெயிலில் விட்டால் காரமாக ஒரு நெடி வரும். அது வேறொன்றும் இல்லை, ஐயா சொன்ன அம்மோனியாதான் கிளம்பிப் போகிறது.

கடைமடை

எல்லோரும் தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் உட்கார்ந்துகொண்டு வரவு செலவு எழுதுகிறீர்கள். உங்கள் செலவெல்லாம் எங்கள் வரவு, அதையும் கேளுங்கள்.

நான் தலைஞாயிறு பக்கம். உங்கள் வடிகால்தான் எங்கள் பாசன வாய்க்கால். ஐப்பசி மழையில் நீங்கள் வடித்துவிடும் தண்ணீரோடு உரமும் வருகிறது, வெங்காயத்தாமரை அதைத் தின்று தடித்து வாய்க்காலை அடைக்கிறது, வெள்ளம் வடிய வழியில்லாமல் எங்கள் சம்பா அழுகுகிறது. ஒவ்வொரு வருடமும் பொக்லைன் வந்து அள்ளிக் கரையில் போடும். அது கரையிலேயே அழுகி அடுத்த மழையில் மறுபடி வாய்க்காலுக்கு வரும். விவசாயியை மட்டும் சொல்லவில்லை. ஊர்ச் சாக்கடை, இறால் பண்ணைத் தண்ணீர், மேலே கர்நாடகத்திலிருந்து வரும் நகரத்துக் கழிவு எல்லாம்தான். மேட்டூரிலேயே தண்ணீர் பச்சைப் பாயாக நாறுகிறது என்று செய்தி வரவில்லையா?

எங்கள் பக்கம் மணல்சாரி. அடிபம்புத் தண்ணீரைப் பரிசோதித்ததில் நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கு மேல் என்று சீட்டு கொடுத்தார்கள். என்ன செய்வது என்று சீட்டில் இல்லை. காய்ச்சிக் குடிக்கிறோம்.

களிமண்

கடைமடை தம்பி கோபம் நியாயம். ஒன்றை மட்டும் உடனே திருத்துகிறேன்: காய்ச்சினால் நைட்ரேட் போகாது. தண்ணீர் வற்றுவதால் கொஞ்சம் கூடவே செய்யும். லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்பதுதான் குடிநீருக்கு நம்ம நாட்டு வரம்பு. வீட்டில் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை இருந்தால் அந்தத் தண்ணீரில் பால் கலக்கவே கூடாது. இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் சக்தி குறைந்து குழந்தை நீலம்பாரிக்கும். வேறு தண்ணீர் எடுங்கள். பம்புக்குப் பக்கத்தில் மாட்டுக் கொட்டகையோ கக்கூஸ் குழியோ இருக்கிறதா? என் அனுபவத்தில் முக்கால்வாசி சீட்டுகளுக்குக் காரணம் வயல் அல்ல, அந்தக் குழிதான். உங்கள் மணலில் இரண்டுமாக இருக்கலாம்.

வடிகால் கடைசியில் எங்கே போகிறது என்றால், கோரையாறு, பாமணியாறு போன்றவை முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போய்ச் சேரும். அந்தச் சேற்றில் காற்று கிடையாது, நைட்ரேட்டை வாயுவாக்கி மேலே அனுப்பும் வேலை அங்கே சம்பளமில்லாமல் நடக்கிறது. அலையாத்தியை வெட்டினால் அந்த வேலைக்கு ஆள் இல்லை.

ஒன்பது மா

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆபீசில் வருமான வரிக் கெடு.

களிமண் ஐயா சொன்னதை நம்பாமல் இல்லை, இருந்தாலும் பார்க்க ஆசை. மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடையில் பி.எச். தாள் ஒரு டப்பா வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வயல் தண்ணீரில் நனைத்தேன், மஞ்சளும் பச்சையுமாக ஏழு காட்டியது. மத்தியானம் இரண்டு மணிக்குக் குடையோடு போய் அதே இடத்தில் நனைத்தேன். நீலப் பச்சை. ஒன்பது. டப்பாவில் இருக்கும் நிறத்தோடு நாலு தடவை ஒட்டிப் பார்த்தேன். காலையில் அடியில் கிடந்த பாசி மத்தியானம் குமிழ் குமிழாக மேலே வந்து மிதக்கிறது. இத்தனை வருடம் அதை அழுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். வாய்க்கால் மூலையில் அசோலா என்கிற மிதவைச் செடி மெத்தை மாதிரி மூடிக் கிடக்கிறது, அதை ஒதுக்கிக் கீழே நனைத்தால் ஏழரைக்கு மேல் ஏறவில்லை. வெயில் உள்ளே போகாததால் என்று நினைக்கிறேன்.

தண்டு உருளும் சமயத்தில் இலை அட்டை வைத்துப் பார்த்தேன். மேல் ஏக்கரில் பத்தில் மூன்று இலைதான் நாலுக்குக் கீழே. அதை விட்டுவிட்டேன். மற்ற இரண்டு ஏக்கருக்கும் சேர்த்து 60 கிலோ. வாங்கி வைத்த மூன்று மூட்டையில் ஒன்றரைக்கு மேல் கொட்டகையில் கிடக்கிறது. கடையில் மூட்டையோடு தலையில் கட்டிய திரவ உரப் பாட்டிலும் பிரிக்காமல் இருக்கிறது.

தண்ணீரை வடித்து, ஜிப்சமும் புண்ணாக்கும் கலந்து, சாயங்காலம் ஐந்து மணிக்கு நானே விசிறினேன். கை பழக்கமில்லை, திட்டுத் திட்டாகத்தான் விழுந்திருக்கும். வாமடையில் சேறு அப்பி வைக்கோல் திணித்து அதன்மேல் ஒரு பழைய சாக்கு. நண்டு வளை ஐந்து இருந்தது, மிதித்து அடைத்தேன்.

நேற்றுக் காலை சித்தப்பா வரப்பில் நின்றுகொண்டு அவர் வயலையும் என் வயலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, இந்தத் தவணைக்கு நீ உரமே போடலையா?" என்றார்.